ஓய்வெடுக்கத் தவறிய குற்றம்

கந்தப்பனின் பேர் வெட்டப்பட்டது ஒரு சிரிப்புக்காக. கரடிக்கல் தோட்டத்துப் பெரிய தொரை ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், களத்து ஓரமாக நின்ற தேயிலைச் செடியை எப்படிக் கத்தியால் தலை நறுக்கிக் கவ்வாத்து வெட்டவேண்டும் என்று காட்டப் போய், தன் கால்சட்டையில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரிப்பை முழுங்கினார்கள். கந்தப்பனுக்கு மட்டும் அது தொண்டையில் நிற்கவில்லை. அன்றைக்கே பேர் வெட்டு, வேலை போயிற்று.

புருசன் பேர் போனால் பெண்சாதி பேரும் சேர்ந்து போகும் என்பது தோட்டத்து வழக்கம். ஆகையால் சண்முகவடிவின் பேரும் போயிற்று. அவள் அந்த நேரம் களத்திலேயே இல்லை. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். சேதியைக் கேட்ட பிறகுதான் சிரித்தாள். "சிரிக்காம விட்டா, பேரு வெட்டுனது வீணாப் போயிருமேங்க" என்றாள்.

பேர் போனவர்கள் குடியிருக்கும் லயக் காம்பராவைக் காலி பண்ணவேண்டும் என்று தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு சின்னராசா வந்து சொன்னார். கந்தப்பன் காலி பண்ணவில்லை. பண்ணினால் எங்கே போவது? பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகு கந்தப்பன் எந்த நாட்டுக்காரன் என்று கொழும்புக்கும் தெரியவில்லை, டில்லிக்கும் தெரியவில்லை. இந்தப் பூமியில் அவனுக்கென்று இருந்த விலாசம் பத்துக்காம்பரா லயத்தின் கோடிக் காம்பரா ஒன்றுதான். பேர் வெட்டை எதிர்த்து வழக்குப் போட்டிருந்த யூனியன் தலைவர் செல்லசாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்:

"காம்பராவுல ஆள் இருக்கிற வரைக்கும் நம்ம கேஸுக்கு உயிர் இருக்கு கந்தப்பா. ஒருநாள் பூட்டிக் கெடந்தாலும் கண்டாக்கு தகரத்தைக் கழட்டிருவாரு. கூரை போச்சுன்னா கேஸும் போச்சு. அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல்தான்."

அதிலிருந்து இரண்டு பேரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தர் விறகுக்குப் போனால் ஒருத்தர் வீட்டில். திருவிழாவுக்குக்கூடச் சேர்ந்து போகவில்லை. காவடியைப் போகும்போது அவன் பார்த்தான், வரும்போது அவள் பார்த்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் கொழும்பில் உள்ள பெரிய மனிதர்களுக்கு அவர்கள்மேல் இரக்கம் வந்தது.

அந்தப் பெரிய மனிதர்கள் கூடி 'வேலையற்றோர் விடுமுறைச் சபை' என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். வேலையில்லாதவர்களை மானியத்தில் உல்லாசப் பயணம் அனுப்புவது அதன் நோக்கம். சபையின் ஓய்வு அதிகாரி முத்துலிங்கம், கழுத்துப்பட்டியும் குடையுமாக வந்து, பெரட்டுக்களத்தில் ஒரு தேயிலைப் பெட்டிமேல் ஏறி நின்றார். யாழ்ப்பாணத்து மனிதர். மேடையில் ஒரு தமிழும் கீழே இறங்கினால் ஒரு தமிழும் வைத்திருந்தார்.

"அன்பார்ந்த வேலையற்ற பெருமக்களே! வேலை செய்கிறவனுக்கு ஓய்வு எதற்கு? அவனுக்குத்தான் வேலை இருக்கிறதே! அவன் அதைச் செய்துகொண்டு பேசாமல் இருக்கலாம். வேலையில்லாதவனை எண்ணிப் பாருங்கள். காலையில் எழுந்து வேலை தேடுகிறான். மாலைவரை தேடுகிறான். ஞாயிற்றுக்கிழமையும் தேடுகிறான். களைத்து வாடிய அந்த முகத்தைப் பார்த்து எந்த முதலாளி வேலை கொடுப்பான்? ஆகவே நாட்டில் வேலையில்லாமைக்குக் காரணம் வேலை இல்லாமை அல்ல, களைப்பு! இந்த உண்மையை எங்கள் தலைவர் பெருமான் தமது கோடை விடுமுறையின்போது, சாய்வு நாற்காலியில் படுத்திருக்கையில் கண்டுபிடித்தார்."

கை தட்டவேண்டிய இடம் அது என்று காட்ட, அவரே முதலில் தட்டினார்.

கந்தப்பன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். "ஐயா, ஓய்வுக்குப் பதிலா வேலையே குடுத்துட்டா களைப்பு தீந்துருமுங்களே?"

"அது வேறை சபை" என்றார் முத்துலிங்கம். "அந்தச் சபை இன்னும் கூடேல்லை."

"அப்ப நாங்க வரலைங்க."

அதுவரை சும்மா நின்ற கண்டாக்கு இப்போது சிரித்த முகத்தோடு முன்னால் வந்தார். "வரலையா? நல்லது கந்தப்பா. வேலை வெட்டி இல்லாதவன் சும்மா கெடைக்கிற லீவ வேணாம்பானா? வேணாங்கிறேன்னா உனக்கு வேற எங்கயோ வேலை இருக்குன்னு அர்த்தம். வேற தோட்டத்துல வேலை பாக்கிற ஆளுக்கு நம்ம லயத்துல என்னா காம்பரா? இன்னைக்கே சாமானைத் தூக்கு!"

போனாலும் காம்பரா ஆபத்தில், போகாவிட்டாலும் ஆபத்தில். சண்முகவடிவு புருசனின் காதருகே வந்தாள். "காம்பரா இன்னைக்கே போறதுக்கு நாளைக்குப் போனா ஒருநாள் மிச்சம். கெளம்புங்க." பக்கத்துக் காம்பரா மீனம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தார்கள். மீனம்மா நல்லவள்தான். ஆனால் விடிந்தால் அவளும் மலைக்குப் போய்விடுவாள்.

பேர் வெட்டப்பட்ட நாலைந்து குடும்பங்களை லொறியில் ஏற்றி ஹற்றனுக்குக் கொண்டுபோனார்கள். ஹற்றனில் ரயில். ரயில் கொட்டகலை, தலவாக்கலை தாண்டி நானுஓயா போய் நின்றது. அங்கே இறக்கி, பிளாட்பாரத்தில் உட்காரவைத்து, மறுபடி வேறொரு லொறியில் ஏற்றி, சுற்றிலும் படங்குத் துணியைக் கட்டிவிட்டார்கள். லொறி இறங்கியது, ஏறியது, வளைந்தது. படங்கின் ஓட்டை வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்த பூரணி, "ஏண்ணே, இந்தப் பிள்ளையார் கோயிலக் காலையில பாத்தாப்புல இருக்கே" என்றாள். பூரணி வாய்க்கு அஞ்சாத விதவை; கொழுந்து நிறுக்கிற இடத்தில் நியாயம் கேட்டுப் பேர் போனவள். "எல்லா ஊருலயும் பிள்ளையார் இருப்பாரு" என்றான் கந்தப்பன். அவன் மனசெல்லாம் தகரத்திலேயே இருந்தது.

பனி மூடி இருட்டின நேரத்தில், புதுச் சுண்ணாம்பு அடித்த ஒரு பங்களாவின் வாசலில் லொறி நின்றது. 'ஓய்வு விடுதி' என்று பலகை. அங்கே சாப்பாட்டுக்கு அரை ரொட்டி கொடுத்தார்கள். கோப்பையில் பாதித் தேத்தண்ணீர். ஆளுக்குப் பாதிக் கம்பளி, நடுவில் கத்தரித்தது.

"ஐயா, மத்தப் பாதி?"

"இது மானிய விடுமுறை" என்றார் முத்துலிங்கம் பொறுமையாக. "பாதி சபையின் பங்கு. மற்றப் பாதி உங்கட பங்கு. கொண்டு வந்திருக்க வேணும்."

கந்தப்பன் தலையைப் போர்த்தினான், கால் குளிர்ந்தது. காலைப் போர்த்தினான், தலை குளிர்ந்தது. சண்முகவடிவு தன் பாதியையும் அவன் பாதியையும் சேர்த்து ஊக்குப் போட்டு ஒன்றாக்கினாள். காவலாளி வந்து பிரித்துவிட்டுப் போனான். ஊக்குப் போடுவதும் வேலையாம். விடுதிக்குள் வேலை கூடாது.

விடிந்ததும் விசில். பங்களாவின் முன்னால் புல்தரையில் 'ஓய்வுப் பெரட்டு'. பேர் கூப்பிட்டால் ஒவ்வொருவரும் "சந்தோசம்" என்று பதில் சொல்லவேண்டும்.

"கந்தப்பன்!"

"வந்திருக்கேனுங்க."

"வந்தது தெரியுது. சந்தோசமோ?"

"இன்னும் தேத்தண்ணி குடிக்கலைங்க."

"அது கேட்கேல்லை. சந்தோசமோ, இல்லையோ?"

"சந்தோசம்னு வச்சுக்குங்க."

முத்துலிங்கம் அதைப் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டார். அன்று முற்பகல் சபைத் தலைவர் விடுதியைத் திறந்துவைக்க வருவதாக இருந்தது. பெரிய தொரையும் வருவாராம், பேப்பரில் போடப் படம் பிடிக்கிறவரும் வருவாராம். அதற்குள் எல்லோருடைய முகத்திலும் ஓய்வு தெரியவேண்டும். அதனால் முதலில் கடற்காற்று வாங்குதல்.

சபைக்கு நீர்கொழும்புப் பக்கம் அசல் கடற்கரை விடுதி ஒன்று இருந்தது. ஆனால் அங்கே சபை அங்கத்தவர்களின் குடும்பத்தார் தங்கி, ஓய்வு சரியாக வேலை செய்கிறதா என்று வருசம் பூராவும் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் மலைநாட்டு விடுதிக்குக் கடலைப் படமாக எழுதி அனுப்பியிருந்தார்கள். புல்தரையில் படத்தை நிறுத்தி, எதிரே நாற்காலிகளைப் போட்டு எல்லோரையும் உட்காரவைத்தார்கள். சமையல்காரன் உப்புக் கரைத்த தண்ணீரை வாளியில் கொண்டுவந்து முகத்துக்கு முகம் தெளித்துக்கொண்டு போனான்.

"சும்மா இருங்கோ! காலை ஆட்டக்கூடாது. கதைக்கக்கூடாது. ஓய்வெடுங்கோ!" என்று முத்துலிங்கம் விசிலும் கையுமாக வரிசைக்குப் பின்னால் நடந்தார். அவருக்கு மட்டும் வேர்த்திருந்தது.

அப்போது பனி விலகியது.

கடல் படத்தின் ஓரத்துக்கு அப்பால், சரிவுக்குக் கீழே, ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பத்துக்காம்பரா லயம். கோடிக் காம்பராச் சுவரில் சண்முகவடிவு தட்டிய வரட்டிகள்கூடத் தெரிந்தன.

"அடேய்!" என்றான் கந்தப்பன். "இது நம்ம மேமலை பங்களாடா!"

அதேதான். சின்னத் தொரை இருந்த பங்களா. வெகுநாளாகப் பூட்டிக் கிடந்ததைப் பெரிய தொரை சபைக்குத் தானமாகக் கொடுத்திருந்தார். கட்டடம் சபைக்கு, சுற்றியுள்ள செடி தோட்டத்துக்கு என்று பேச்சு. லயத்திலிருந்து குறுக்குப் பாதையில் ஏறினால், உலையில் போட்ட அரிசி வேகுமுன் வந்துவிடலாம். கரடிக்கல் தோட்டத்திலிருந்து கரடிக்கல் தோட்டத்துக்கு ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து வந்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டபோது முத்துலிங்கம் கொஞ்சமும் அசையவில்லை. "விடுமுறை எண்டால் பயணம் இருக்க வேணும். பயணம் இல்லாத விடுமுறையைச் சபை அங்கீகரிக்காது."

கந்தப்பனுக்கு அது காதில் விழவில்லை. கீழே அவன் காம்பராச் சுவரில் ஓர் ஏணி சாய்ந்திருந்தது. ஏணியடியில் தொப்பியும் அரைக்கால்சட்டையுமாகக் கண்டாக்கு. கூரைமேல் ஆசாரி.

"ஐயா, கும்பிடுறேன். எனக்கு ஒரு அரைநாள் லீவு குடுங்க."

"லீவோ?" முத்துலிங்கம் திகைத்துப்போனார். "நீர் லீவிலைதானே நிற்கிறீர்! லீவிலை நிற்கிற ஆளுக்கு எப்பிடி லீவு தாறது?"

"என் கூரையக் கழட்டுறாங்கைய்யா! அந்தா பாருங்க!"

"பாக்கக்கூடாது. அது விடுதிக்கு வெளியிலை நடக்கிறது. கடலைப் பாரும்."

"கேட்டையாவது தொறந்து விடுங்க."

"கேட்டுக்கு வெளியிலை தோட்டம். வேலையில்லாத ஆள் தோட்டத்துக்குள்ளை காலை வைச்சால் அத்துமீறல் எண்டு பொலிசிலை குடுப்பினம். உம்மடை நன்மைக்குத்தான் பூட்டியிருக்கு. இரும். ஓய்வெடும்."

கந்தப்பன் உட்கார்ந்தான். உட்கார்ந்த நாற்காலியின் கையைப் பிடித்த பிடியில் பிரம்பு முறிந்தது. முதல் தகரம் கூரையில் சறுக்கிக் கீழே விழுந்தது. சத்தம் மேலே வந்துசேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சண்முகவடிவின் நாற்காலி புல்தரையின் ஓரத்தில் இருந்தது. அங்கிருந்தே, வேலிக்குள்ளேயே, தேயிலை ஆரம்பித்துவிடும். பேர் வெட்டி வெட்டி ஆள் குறைந்துபோன தோட்டம், மேமலைக்கு எத்தனையோ நாளாகக் கொழுந்துக்காரி வரவில்லை. செடிகள் தலையை விரித்துக்கொண்டு நின்றன. சண்முகவடிவு அழவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. அது பாட்டுக்குப் பக்கத்துச் செடிக்குப் போனது. ரெண்டு இலை, ஒரு மொட்டு. ரெண்டு இலை, ஒரு மொட்டு. மடியில் கொழுந்து குவிந்து வழிந்து தரையில் விழுந்த பிறகுதான் முத்துலிங்கம் கண்டார்.

விசில் ஊதிய ஊதில் சமையல்காரன் வாளியைப் போட்டுவிட்டான்.

"அம்மா! என்ன அநியாயம் செய்யிறியள்! வேலை! வேலை செய்யிறியள்!"

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்க."

"சபையின் முதலாவது விதியையே மீறிப்போட்டியள்! ஓய்வுக் காலத்திலை வேலை செய்த ஆள் வேலையற்றவர் இல்லை. வேலையற்றவர் இல்லாத ஆள் இங்கை ஒரு நிமிசமும் இருக்கேலாது. வெளியேற்றம்!"

கந்தப்பன் மெதுவாகத் தலையைத் திருப்பினான். "ஐயா, சித்த இருங்க. இப்ப வெளியேத்துறீங்களே, அவ யாருங்க?"

"வேலையுள்ளவ."

"எந்தத் தோட்டத்துல வேலைங்க?"

"இதென்ன கேள்வி? எந்தத் தோட்டத்துக் கொழுந்தை ஆய்ஞ்சவவோ, அந்தத் தோட்டத்திலை."

"வேலையுள்ளவ தோட்டத்துக்குள்ள நடந்தா?"

"அது அத்துமீறல் இல்லை. அது அவவின்ரை உரிமை."

கந்தப்பன் எழுந்தான். கடல் படத்தைத் தூக்கி ஓரமாக வைத்தான். பாதிக் கம்பளியை இடுப்பில் சுற்றிக் கட்டினான். "ஏ புள்ள வடிவு, தனியா எடுக்காத. நெர புடி! எல்லாரும் எந்திரிங்க. லீவு முடிஞ்சுருச்சு!"

பூரணிதான் முதலில் வாயைத் திறந்தாள். முதல் கொழுந்தைக் கிள்ளும்போது மலையில் கூவுகிற கூவல்: "பொலி! பொலியோ பொலி!"

அவ்வளவுதான். நாற்காலிகள் சரிந்தன. பாதிக் கம்பளிகள் மடிகளாயின. நேரான குச்சி ஒன்றை ஒடித்துச் செடிமேல் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பாகப் போட்டுக்கொண்டு பெண்கள் ஆளுக்கொரு வரிசையாக நிரை பிடித்தார்கள். கவ்வாத்துக் கத்தி தவிர வேறொன்றைத் தொடாத ஆம்பளைகளும் இறங்கினார்கள். முத்துலிங்கம் விசிலை ஊதினார். தோட்டத்தில் விசில் கேட்டால் கை வேகமாகப் போகும், போயிற்று. மறுபடி ஊதினார். இன்னும் வேகமாகப் போயிற்று.

'பொலி' கீழே லயம்வரை கேட்டது. கேட்பாரற்றுக் கிடந்த மேமலையில் கூவல் வந்தால் எந்தக் கண்டாக்கால் சும்மா நிற்க முடியும்? சின்னராசா ஆசாரியை அப்படியே விட்டுவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்குப் பாதையில் ஓடிவந்தார். அவர் கேட்டைப் பிடித்து உலுப்பின அதே நேரம் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. உள்ளே பெரிய தொரை, சபைத் தலைவர், படம் பிடிக்கிறவர், மடியில் மாலைகள்.

"திருட்டுக் கொழுந்து!" கண்டாக்கு கத்தினார். "தொரை, பாருங்க! பேர் வெட்டுன பயலுக நம்ம மலையில திருடுறானுக! பொலிசுக்குச் சொல்லணும்!"

முத்துலிங்கம் கேட்டைத் திறந்துகொண்டு சீறினார். "வாயை அடக்கும்! சபையின்ரை விருந்தாளியளைக் கள்ளர் எண்டோ சொல்லுறீர்? இவை செய்தது களவு இல்லை, வேலை! விதியிலை தெளிவாக இருக்கு!"

படம் பிடிக்கிறவர் பெட்டியைத் திறந்தார். தலைவர் முகம் மாறியது. தான் திறந்துவைக்கும் விடுதியில் கள்வர்கள் என்று பேப்பரில் வருவது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பெரிய தொரை தோட்டத்துத் தமிழில் கேட்டார்: "என்னா மேன் கண்டாக்கு? இது வேலையா, களவா? சீக்கிரம் சொல்லு!"

கந்தப்பன் மூட்டையாகக் கட்டிய கொழுந்தைக் கொண்டுவந்து கண்டாக்கின் முன்னால் நீட்டினான். "கையில வாங்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க கண்டாக்கையா."

நீட்டினால் வாங்காமல் இருக்கத் தெரியாது அவருக்கு. இருபது வருசமாகக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்ற கை. மூட்டையை வாங்கினார். தூக்கிப் பார்த்தார். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தார். முகத்தைச் சுளித்தார். வாய் அதன் பாட்டுக்குச் சொல்லிற்று:

"ஈரம். பனித்தண்ணி. ஈரத்துக்கு எடையில கழிக்கணும்."

நிரையில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். கண்டாக்கு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பொத்தி என்ன செய்ய?

"தொரை கேட்டுக்கிட்டீங்களா?" என்றான் கந்தப்பன். "இந்தத் தோட்டத்துல ஈரத்துக்குக் கழிக்கிறது வேலைக்காரன் கொழுந்துக்குத்தான். திருட்டுக் கொழுந்துன்னா மூட்டையோட புடிச்சுக்குவாங்க. திருடனுக்கு ஈரம் கழிச்ச கதைய இந்த மலையில யாராச்சும் கேட்டிருக்கீங்களா?"

"எங்க அம்மா காலத்துலயிருந்து கழிக்கிறாங்க" என்றாள் பூரணி. "வெயில் காலத்துலயும் கழிப்பாங்க. ஆனா திருடனுக்குக் கழிச்சதில்ல."

தொரை சிவந்தார். சிவப்பு காதுவரை போனது. ஆனால் தலைவர் அதற்குள் நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

"பெரியோர்களே! என்ன அதிசயம்! ஒரே இரவு! ஒரே ஓர் இரவு ஓய்வெடுத்தார்கள், காலையில் வேலையோடு எழுந்தார்கள்! களைப்புத்தான் காரணம் என்று நான் சொன்னபோது சிரித்தவர்கள் இப்போது வரட்டும்! இனி இந்த நாட்டில் தொழிற்சாலைகள் வேண்டாம், நிலங்கள் வேண்டாம், சாய்வு நாற்காலிகளே போதும். இந்த அறுவரை, ஏழெண்மரை, எத்தனை பேரோ அத்தனை பேரையும் உடனே வேலைக்கு ஏற்றுக்கொண்ட நமது தொரை அவர்களின் தாராள மனத்துக்கு இந்த மாலை!"

மாலை விழுந்தது. படம் பிடித்தாயிற்று. கழுத்தில் மாலையோடு, பேப்பரில் வரப்போகிற முகத்தோடு, இல்லை என்று சொல்லத் தொரைக்கு வழியில்லை. "பேர் பதி" என்று கண்டாக்கிடம் பல்லுக்குள் சொன்னார். அடுத்த தரம் எதற்குப் பேர் வெட்டலாம் என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்தார் என்பது அவர் கண்ணில் தெரிந்தது. கந்தப்பனும் அந்தக் கண்ணைப் பார்த்தான். பார்வையை இறக்கவில்லை.

நோர்வூட் பாவா காக்கா கடையிலிருந்து விருந்துக்கு நெய்ச்சோறு வந்து இறங்கியது. அதில் பாதி கிடையாது, முழுச்சோறு. ஆனால் வேலையுள்ளவர்கள் விடுதியில் சாப்பிட விதி இடம் கொடுக்கவில்லை. "மன்னிக்க வேணும்" என்று முத்துலிங்கம் உண்மையாகவே வருத்தப்பட்டு, அவர்களை வரிசையாக வெளியேற்றினார். வேலையற்றவர் ஒருவர்கூட இல்லாத வேலையற்றோர் விடுதியைத் தலைவர் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தார்.

அவர்கள் கொழுந்து மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். கோடிக் காம்பராவின் பாதிக் கூரை வானமாக இருந்தது. கழற்றிய தகரங்கள் சுவரோரம் கிடந்தன. ஆசாரி இன்னும் மேலேயே உட்கார்ந்திருந்தான். கழற்றுவதா மாட்டுவதா என்று சொல்ல யாரும் வரவில்லையாம்.

"மாட்டணும்" என்றாள் சண்முகவடிவு. "நீ எறங்கு. ஓட்டையில்லாம மாட்ட எங்க ஆளுக்குத் தெரியும்." தகரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏணியில் சாத்தினாள். கந்தப்பன் ஆணியை வாயில் கவ்விக்கொண்டு ஏறினான்.

மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்த கண்டாக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். ஏணி வழுக்கிற பக்கமாகச் சாய்ந்திருந்தது. சண்முகவடிவு அவரையும் ஏணியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் வந்து பிடித்தார்.

"இறுக்கிப் புடிங்க கண்டாக்கையா" என்றான் கந்தப்பன் கூரையிலிருந்து, ஆணிகளுக்கு நடுவே. "நான் விழுந்து கையக் கால ஒடிச்சுக்கிட்டா, மறுபடி கூட்டிட்டுப் போய் ஓய்வு குடுத்துருவாங்க."

கண்டாக்கு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.